கேட்காமல் எடுத்த அட்டை

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் செல்லக்கனியின் பழைய இரும்புக் கடை. தூத்துக்குடியில் அவளை மாதிரி சந்தேகக்காரி கிடையாது என்று அந்த ரோட்டில் எல்லோரும் சொல்லுவார்கள். அவள் காதுபடவே சொல்லுவார்கள். அவளுக்கு அதில் கோபம் இல்லை.

கடைக்கு எது வந்தாலும் தராசில் ஏறுவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். இது எங்கன உள்ளது? பித்தளைக் குழாய் கொண்டுவந்தவன் எங்க வீட்டில் உள்ளது என்பான். எந்த வீடு, எந்தத் தெரு, பழைய குழாயைக் கழற்றினால் புதுக் குழாய் மாட்டியிருக்கணுமே, மாட்டியது யார் என்று அடுத்தடுத்து வரும். பாதிப்பேர் குழாயைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். போவான், களவாணிதான் போவான் என்பாள். ஒருநாள் கோயில் பூசாரியையே கேட்டுவிட்டாள். பழைய மணியைக் கொண்டுவந்த அந்த மனுஷன் வேர்த்துப்போய், தர்மகர்த்தாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் மணி தராசில் ஏறியது.

கல்யாணமான புதிதில் அது கேள்வி கேட்காத கடையாகத்தான் இருந்தது. புருஷன் காசிலிங்கம் பச்சைப்பிள்ளை மாதிரி மனுஷன். யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்க அண்ணாச்சி என்று வாங்கிப் போடுவார். அப்படி வாங்கிப் போட்ட செம்புக் கம்பி ஒன்று ஹார்பருக்குள்ளே கிரேனில் அறுத்த கம்பியாக இருந்தது. ஜீப் வந்து வாசலில் நின்றது. தெருவே வேடிக்கை பார்க்க அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மகள் உமாராணி அப்போது கைக்குழந்தை. யாரும் அவரை அடிக்கவில்லை, வையவில்லை, விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தவர் அதற்கப்புறம் கல்லாவில் உட்காரவே இல்லை. கட்டுக் கட்டுவார், லாரியில் ஏற்றுவார், யாராவது பேச்சுக் கொடுத்தால் செல்லக்கனியைக் கைகாட்டிவிடுவார். அன்றைக்கு அவள் மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டாள். இன்னொரு தடவை இந்த வாசலில் ஜீப் நிற்கக் கூடாது. அதற்காக உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் களவாணி என்று நினைக்கவேண்டி வந்தாலும் பரவாயில்லை.

அட்டையை மட்டும் கேள்வி கேட்காமல் எடுப்பாள். சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, டிவி பெட்டி என்று கட்டுக்கட்டாக வரும். அட்டைப்பெட்டியை எவன் களவாண்டுட்டு வருவான் என்பாள். ஈரம் மட்டும் இருக்கக் கூடாது. ஈர அட்டை எடையில் ஏமாற்றும்.

இப்படிப்பட்டவளுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான் ஆத்தூர்க்காரன் மகாராஜன். அவன் தகப்பனாருக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால். இவனுக்குக் கப்பல் சரக்கு இறக்குமதி பார்க்கிற ஆபீஸில் வேலை. வேலை இங்கே என்பதால் கடைக்கு மேலே உள்ள மாடியிலேயே மகளும் மருமகனும் குடியிருந்தார்கள். ஒரே மகள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறாள் என்று செல்லக்கனிக்கு நிம்மதிதான். ஆனால் மாப்பிள்ளை பேசமாட்டான். சாப்பாடு எப்படி என்றால் நல்லாருக்கு அத்தை. ஆபீஸ் எப்படி என்றால் போகுது அத்தை. திருட்டு விழி விழிக்கிறவனைக்கூட அவள் நம்பிவிடுவாள், பேசாதவனை நம்பமாட்டாள்.

உமாராணி முழுகாமல் இருந்த நேரம். மசக்கையில் எந்நேரமும் படுத்துக் கிடக்கிறவளுக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும் என்று மகாராஜன் ஒரு வேலையை ஆரம்பித்தான். மூடிப்போன பேக்கரியில் இருந்து கடைக்கு வந்து கிடந்த பெரிய கண்ணாடி ஷோகேஸை விலை கொடுத்து வாங்கினான். மாப்பிள்ளைக்கு எதற்கு விலை என்று காசிலிங்கம் சொல்லியும் கேட்கவில்லை. அங்கேயே செல்லக்கனிக்கு ஒரு நெருடல். சொந்த மாமியார் கடையில் எவனாவது காசு கொடுத்து வாங்குவானா? லோடுமேன்கள் அதை மாடிக்கு ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அந்த அறைக்கதவு சாத்தியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்கில் ஆத்தூர்ப் பக்கம் போவான். வரும்போது மூடி போட்ட கேன், ஈரச்சாக்கு, கறுப்பு கவர். கவருக்குள்ளே சிலசமயம் ஏதோ அசையும். கேட்டால் மண்ணு அத்தை என்பான். அசையுற மண்ணை அவள் இதுவரை பார்த்ததில்லை.

மகளைக் கூப்பிட்டு விசாரித்தாள். மீன் தொட்டி என்றாள் உமாராணி. அப்படியென்றால் முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதானே, கதவிடுக்கில் பார்த்தேனே, பாதித் தொட்டியில் மண்ணைக் கொட்டிச் செடி வைத்திருப்பது ஏன் என்று கேட்டாள். பாதி தரை, பாதி தண்ணி, ஆத்தங்கரை மாதிரி, ரெண்டிலும் உசுரு இருக்கும் என்றாள் மகள்.

"ஏளா, மீன் எதுக்குத் தரையேறுது? நம்மகிட்ட கதை விடுதாரு உன் மாப்பிள்ளை."

"நீ போய் உன் தராசைப் பாரும்மா."

அந்தத் தொட்டிக்குள் எதை விடுவது என்றுதான் புருஷனும் பெண்டாட்டியும் எந்நேரமும் பேசினார்கள். மாடிப்படியில் துணி காயப்போடுகிற சாக்கில் செல்லக்கனி நின்று கேட்பாள். தவளை விடலாமா என்று ஒருநாள். தவளை கத்தினால் நீ தூங்கமாட்டாய், வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் முழுங்கவும் செய்யும் என்று அவன் வேண்டாம் என்றான். ஆமை அழகாக இருக்குமே என்றாள் அவள். செல்லக்கனிக்குக் கையில் இருந்த சேலை நழுவிவிட்டது. ஆமை வீட்டுக்குள் வருகிற பேச்சா இது, அதுவும் வாயும் வயிறுமாக இருக்கிறவள் வாயில் இருந்து? நல்லவேளை, அவனும் கூடாது என்றுதான் சொன்னான். ஆனால் அவன் சொன்ன காரணம் அவள் நினைத்த காரணம் இல்லை.

"குளத்து ஆமையைப் பிடிச்சு வச்சிருந்தாலே கேஸு, உமா. உள்ள போட்டுருவான்."

கேஸ், உள்ளே போடுவது இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும்? நேர்மையாக ஆபீஸ் போய்விட்டு வருகிறவனுக்கு எது கேஸ், எது கேஸ் இல்லை என்று கணக்குப் பார்த்து வைக்க வேண்டிய அவசியம் என்ன?

நண்டு பேச்சு முடியவே இல்லை. ஆத்தூர் வாய்க்காலில் பிடித்த வயல்நண்டு ஒன்றை வாளியில் போட்டு வைத்திருந்தான். தொட்டிக்குள் விட்டால் அயிரை மீனைத் தின்றுவிடும், செடியை அறுத்துவிடும் என்று அவனுக்குப் பயம். பாவம், அதுக்கும் ஒரு இடம் கொடுங்க என்று அவளுக்கு இரக்கம். நண்டு வாளியிலேயே கிடந்தது.

அதற்கடுத்த வாரம்தான் செல்லக்கனியின் காதில் அந்தச் சொல் விழுந்தது. மொட்டைமாடியில் நின்று மகாராஜன் செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். அவன் எப்போதும் பேசுகிற குரலே அதுதான் என்பது அவளுக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

"அட்டை கிடைச்சுதாலே? உசுரோட வேணும். காயவிட்டுராத, ஈரத்துணி போட்டு மூடு. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிடுதேன்."

இந்தக் கடற்கரையில் அட்டை என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடல் அடியில் கிடக்கிற அட்டை. அதைப் பிடிக்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, கடத்தக் கூடாது. பிடிபட்டால் ஜெயில். பேப்பரில் வாரம் தவறாமல் மூட்டைகளை அடுக்கிவைத்துப் படம் போடுகிறான். கப்பல் சரக்கு ஆபீஸ், மூடின கதவு, ஈரச்சாக்கு, தண்ணீரும் மண்ணுமாகத் தொட்டி. எல்லாம் ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்துகொண்டது. காசு கொடுத்து ஷோகேஸை வாங்கியதுகூட.

காசிலிங்கத்திடம் சொல்லப் பயம். அந்த மனுஷன் இன்னொரு ஜீப்பைத் தாங்கமாட்டார். மகளிடம் சொன்னால் வயிற்றுப் பிள்ளைக்காரி, புருஷன் பக்கம் நின்று இவளிடம் சண்டைக்கு வருவாள். உண்மையாக இருந்தால் ரெண்டு பேரையும் வீட்டைவிட்டு அனுப்பவேண்டி வரும். ஒரே மகளை இந்த நேரத்தில் எங்கே அனுப்புவது? அனுப்பாவிட்டால் வாசலில் ஜீப் நிற்கும். அன்றைக்கு ராத்திரிச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

சும்மா இருக்க அவளால் முடியாது. பழைய வலையும் அறுந்த கயிறும் எடைக்குப் போட வருகிற மரியான் என்று ஒரு விசைப்படகுக்காரன் உண்டு. நல்ல மனுஷன், பத்து வார்த்தையில் ஒரு தடவை மாதாவே என்பான். அவனிடம் சுற்றிவளைத்துக் கேட்டாள். இந்த அட்டை அட்டைன்னு சொல்லுதாங்களே, அதையெல்லாம் யாரு வாங்குதா, எங்கன கைமாறுது? மாப்பிள்ளை பெயர் எங்காவது வருகிறதா என்று பார்க்கத்தான் கேட்டாள். மரியான் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"யக்கா, உங்களுக்கு நல்லாத்தான ஓடுது கடை? அந்தப் பக்கமே போவாதிய."

வலைக்கு உண்டான காசைக்கூட வாங்காமல் போய்விட்டான். போனவன் கரையில் யாரிடமோ மனசு பொறுக்காமல் சொல்லியிருக்கிறான், இரும்புக்கடை அக்கா அட்டை விசாரிக்கிறாள் என்று. அது வாய்க்கு வாய் மாறி, இரும்புக்கடை அக்கா அட்டை எடுக்கிறாள் என்று ஆகிவிட்டது.

இது ஒன்றும் செல்லக்கனிக்குத் தெரியாது. அவள் மாப்பிள்ளையை வேவு பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் மொபெட்டில் ஒருவன் வந்து நின்றான். கட்டைமீசை, முன்பின் பார்க்காத முகம்.

"அக்கா, அட்டை எடுக்கிறீங்களாமே?"

மொட்டைமாடியில் அந்தச் சொல்லைக் கேட்டால் அவளுக்குக் குலை நடுங்கும். ஆனால் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதற்கு ஒரே அர்த்தம்தான். முப்பது வருசப் பழக்கம்.

"எடுக்கோம். காஞ்சதுன்னா கொண்டா. ஈரத்தைத் தராசுல ஏத்தமாட்டேன். மண்ணு கிண்ணு ஒட்டியிருக்கக் கூடாது."

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உங்களுக்கு எல்லா விவரமும் தெரிஞ்சிருக்கு. ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பார்த்து வாரேன்."

அட்டைப்பெட்டி விற்க வெட்கப்படுகிறான், நல்லா வாழ்ந்த குடும்பம்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். எங்கன உள்ளது என்று கேட்கவில்லை. அட்டைக்குத்தான் அவள் கேட்பதில்லையே.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தான். மூட்டையைத் தராசில் போட்டுவிட்டு, இன்னொன்று இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்று போனான். அட்டையை மடக்கிக் கட்டாமல் எவன் மூட்டை கட்டுவான் என்று முணுமுணுத்துக்கொண்டே செல்லக்கனி வாயை அவிழ்த்தாள். ஒரு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே கறுப்புக் கறுப்பாக, சுருங்கிப்போய், கருகின கத்தரிக்காய் மாதிரி.

பேப்பர் படத்தில் பார்த்த அதே கடல் அட்டை. பிறகு மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். கத்தவில்லை. கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை, கீழ வாங்க. உங்க அட்டை வந்திருக்கு."

மகாராஜன் முகம் நிறைந்த சிரிப்போடு இறங்கி வந்தான். அதற்குள் கொண்டுவந்துட்டானா என்று கேட்டுக்கொண்டே வந்தவன், மூட்டைக்குள் பார்த்ததும் ரெண்டு எட்டுப் பின்னால் போனான்.

"அத்தை, தொடாதிய. இதை யாரு கொண்டுவந்தது?"

"நீங்கதான் சொல்லணும். உசுரோட வேணும், ஈரத்துணி போட்டு மூடுன்னு மொட்டைமாடியில நின்னு பேசுனது நான் இல்ல. வயித்துப் பிள்ளைக்காரியை வச்சுக்கிட்டு இந்தத் தொழில் எதுக்கு மாப்பிள்ளை? உங்க மாமாவைப் பாருங்க. அவரு ஒரு தடவை பட்டது போதாதா?"

காசிலிங்கம் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த கயிறோடு எழுந்து வந்து, மூட்டையைப் பார்த்தார். அப்படியே சாக்கு மேலே உட்கார்ந்துவிட்டார்.

மகாராஜன் மாடிக்கு ஓடினான். ஓடிவிட்டான், பின்பக்கம் குதிக்கப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு திரும்பி வந்தான். மூடியைத் திறந்தான். உளுத்த இலையும் ஈரமண்ணும். அதற்குள்ளே மரவட்டை நாலைந்து, ஒன்று ஊர்ந்துகொண்டு, மற்றதெல்லாம் சுருண்டு ரூபாய் வட்டத்தில்.

"எங்க ஊர்க் கொடிக்கால்ல இதுக்குப் பேரு அட்டைதான் அத்தை. தொட்டியில தரைப்பக்கம் செடி வச்சிருக்கோம்ல, விழுற இலையைத் தின்னு சுத்தம் பண்ணும். இது போதல, இன்னும் கொஞ்சம் பிடிச்சு வைன்னு சித்தப்பா மகன்கிட்டச் சொல்லியிருந்தேன். நான் கேட்ட அட்டை இதுதான்."

செல்லக்கனி டப்பாவைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள். மழைக்காலத்தில் சுவரில் ஏறினால் விளக்குமாற்றால் தள்ளுகிற பூச்சி.

இப்போது மூட்டையை என்ன செய்வது? காசிலிங்கம் வாயைத் திறந்தார். பக்கிள் ஓடையில் கொண்டுபோய்த் தள்ளிருவோம், யாருக்கும் தெரியாது என்றார். கொண்டுபோகிற வழியில் எவனாவது பார்த்தால் நாம் கடத்துகிறோம் என்றுதானே சொல்வான் என்றான் மகாராஜன். திருப்பி அவனிடமே கொடுத்துவிடலாம் என்றாள் மேலே இருந்து இறங்கி வந்த உமாராணி. கொடுத்தால் நாளைக்கு அவன் பிடிபடும்போது நம்ம கடைப் பேரைச் சொல்லுவான் என்று மகாராஜன் அதையும் மறுத்தான்.

செல்லக்கனி வாசலைப் பார்த்தாள். எந்த வாசலில் ஜீப் நிற்கக் கூடாது என்று இத்தனை வருசம் ஊரையெல்லாம் குற்றவாளிக்கூண்டில் ஏற்றினாளோ, அதே வாசல்.

"மாப்பிள்ளை, போனைப் போடுங்க. போலீஸ் இங்கன வரட்டும்."

"ஏளா," என்றார் காசிலிங்கம்.

"அன்னைக்கு அவங்களா வந்தாங்க. இன்னைக்கு நான் கூப்பிட்டு வாராங்க. நீங்க எந்திரிச்சுக் கல்லாவில உட்காருங்க. மூட்டைக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தா உங்களைத்தான் சந்தேகப்படுவாங்க."

ஜீப் வந்து நின்றது. தெரு வேடிக்கை பார்த்தது. ரெண்டாவது மூட்டையோடு வந்த கட்டைமீசை தூரத்திலேயே ஜீப்பைப் பார்த்து வண்டியைத் திருப்ப, ஐஸ் கம்பெனி முக்கில் பிடித்துவிட்டார்கள். வந்திருந்தது ஒரு பெண் எஸ்.ஐ. எல்லாவற்றையும் பொறுமையாக விசாரித்தாள். நீங்கதானே அட்டை எடுக்கிறோம்னு சொன்னீங்க என்று கேட்டதற்கு, செல்லக்கனி அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், கூரை முட்ட அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிக் கட்டுகளைக் காட்டினாள். கூட வந்த ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வீட்டையும் பார்க்கணும் என்றாள் எஸ்.ஐ. மாடிக்குப் போனார்கள். அந்த அறைக்குள் செல்லக்கனி நுழைந்தது அன்றைக்குத்தான். பேக்கரிக் கண்ணாடிக்குள்ளே ஒரு ஆற்றங்கரை இருந்தது. ஒரு வெற்றிலைக் கொடி கல்லில் ஏறி, தண்ணீருக்கு மேலே தலையைச் சாய்த்திருந்தது. அடியில் மணலில் அயிரைகள் மூக்கைப் புதைத்துக்கொண்டிருந்தன. எஸ்.ஐ. குனிந்து குனிந்து பார்த்தாள். ஆமை இருக்கா? வேற என்ன இருக்கு? இந்தக் கேனில் என்ன, அந்த வாளியில் என்ன? கப்பல் ஆபீஸில் என்ன வேலை, சரக்கெல்லாம் எந்த ஊருக்குப் போகுது? மகாராஜனுக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. தலையைத் தலையை ஆட்டினான்.

"அவரு அப்பிடித்தாம்மா, பேசமாட்டாரு," என்றாள் செல்லக்கனி. "எங்க மாப்பிள்ளையை நீங்க சந்தேகப்படாதிய. அதுக்கு வீட்டுல நான் இருக்கேன்."

உமாராணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

எழுதவேண்டியதை எழுதி, மூட்டையை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. எதிர்த்த பாத்திரக்கடைக்காரர் என்ன அக்கா பிரச்சினை என்று வந்தார். காசிலிங்கம்தான் பதில் சொன்னார். நாங்கதான் கூப்பிட்டோம் என்றார். மூன்று பேருக்கு மூன்று தடவை அதையே சொன்னார்.

மாடியில் சண்டை ஆரம்பித்தது. உமாராணி பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். உங்களைக் கடத்தல்காரன் என்று நினைக்கிற வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டேன், ஆத்தூருக்குப் போவோம் என்றாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த மகாராஜன், பின்னாலேயே படியேறி வந்து நின்ற செல்லக்கனியைப் பார்த்தான்.

"அப்ப இத்தனை நாளும் என்னை அப்பிடி நெனச்சுக்கிட்டுதான் எனக்குச் சோறு போட்டியளா அத்தை?"

"சோறு போடுறது வேற, நெனக்கிறது வேற மாப்பிள்ளை. ஒருநாளாவது கொழம்புல உப்பு கொறஞ்சுதா?"

அவள் தொட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"போறதுன்னா போங்க. இந்தத் தொட்டியை எப்பிடி எறக்குவிய? எங்க லோடுமேன் வந்தாத்தான் எறங்கும். நான் அனுப்பமாட்டேன். தொட்டியைப் போட்டுட்டுப் போனா, மீனுக்குத் தீனி போடவும் மாட்டேன். அது பட்டினி கெடந்தா அந்தப் பாவம் உங்களுக்கு."

உமாராணி அழ ஆரம்பித்தவள் பாதியில் சிரித்துவிட்டாள். அம்மாவோடு பேசி ஜெயிக்க முடியாது என்று பெட்டியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

செல்லக்கனி வாளியைக் குனிந்து பார்த்தாள். வயல்நண்டு ரெண்டு கண்ணையும் குச்சி மாதிரித் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது.

"இதை உள்ள விடப்போறியளா?"

"அதுதான் அத்தை, முடிவு பண்ண முடியல."

"வேண்டாம். இதோட பார்வை சரியில்ல."

உமாராணி அதற்காகக் கொஞ்ச நேரம் வாதாடினாள். கடைசியில் அயிரை பாவம் என்று அவளே சொன்னாள். நாளைக்கு ஆபீஸ் போகிற வழியில் கோரம்பள்ளம் குளத்தில் விட்டுவிடுகிறேன் என்றான் மகாராஜன். செல்லக்கனி ஒத்துக்கொள்ளவில்லை. ஆத்தூரில் எடுத்ததை ஆத்தூரில்தான் விடணும், அதுவும் அந்த வாய்க்காலில்தான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை விடுகிறேன் அத்தை என்றான். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவன் பைக்கை எடுத்தபோது, கடையைக் காசிலிங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"விடுதியளான்னு நான் பார்க்கணும்லா."

மாமியாரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போவதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. மகாராஜன் கூச்சத்தில் நெளிந்தான். அவள் வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். ஒரு கை மாப்பிள்ளை தோளில், ஒரு கை வாளி மூடியில். ஆத்தூர் வாய்க்கால் வருகிற வரைக்கும் அவள் ரெண்டு கையையும் எடுக்கவில்லை.